படிக்கட்டுக்கு அடியில் ஒரு கரும்பலகை

எங்கள் பிளாக்கில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது பத்து மணிக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆனால் நாளைக்கு மோட்டார் ரிப்பேர், இன்றே தண்ணீர் பிடித்து வையுங்கள் என்ற சேதி மட்டும் மூன்றாம் மாடிக்கு ஏறவே ஏறாது!

பட்டினப்பாக்கம் பக்கம் வாரியக் குடியிருப்பு எங்களுடையது. 1970-இல் குடிசை மாற்று வாரியம் என்று தொடங்கி, 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. எங்கள் வாயில் இன்னும் ‘போர்டு வீடு’தான். குப்பத்தில் இருந்த காலத்தில் தெருக்குழாய்தான் ரேடியோ என்பார் என் மாமியார். குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நின்றால் போதும், யாருக்கு ஜுரம், ரேஷனில் என்ன போடுகிறார்கள் எல்லாம் காதில் விழும். மாடி வீடு வந்தது, உள்ளேயே குழாயும் வந்தது. இடுப்பு பிழைத்தது, வாஸ்தவம். ஆனால் நின்று பேசும் இடம் போய்விட்டதே!

இதனால் என்ன குடி முழுகிவிட்டது என்பீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது நான் சைதாப்பேட்டையில் அம்மா வீட்டில் மாட்டிக்கொண்டேன். இங்கே சாக்கடை பொங்கி கீழ்த்தொட்டியில் கலந்துவிட்டது. கீழ்வீட்டுப் பெண்களுக்கு நாற்றத்திலேயே தெரிந்துவிட்டது. ஒருவர் வாட்ஸ்அப்பிலும் போட்டாராம். கரண்ட் இல்லாத இரண்டாம் நாள் யார் போனில் சார்ஜ் இருக்கும்? மூன்றாம் மாடியில் ஒரு சின்னப் பெண், மேல்தொட்டியில் மிச்சமிருந்ததாக நினைத்து, அந்தத் தண்ணீரில் எட்டு மாதக் குழந்தைக்குப் பால் கரைத்திருக்கிறாள். வயிற்றுப்போக்கு. கண் குழிந்து துவண்டுபோன பிள்ளையை முட்டியளவு தண்ணீரில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பிழைத்தது தெய்வாதீனம். “கீழே எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, ஒருத்தர்கூட மேலே வந்து சொல்லலியே அக்கா” என்று அவள் கேட்டது என்னைத் தூங்கவிடவில்லை.

அப்புறம்தான் படிக்கட்டுக்கு அடியில் ஒரு கரும்பலகை மாட்டினோம். தண்ணீர், கரண்ட், நோய் இந்த மூன்று மட்டும்தான் அதில் எழுதலாம். (சீட்டுப் பணம், சண்டை சமாசாரம் எழுதினால் அழித்துவிடுவேன்!) பலகை மட்டும் போதாது, எழுத்துத் தெரியாத பாட்டிகள் இருக்கிறார்கள். அதனால் மாடிக்கு ஒருத்தி கதவைத் தட்டிச் சொல்ல வேண்டும். “சொல்லியாச்சு” என்று அவள் கையால் ஒரு கோடு போட்ட பிறகே சேதியை அழிப்போம். தண்ணீர் கலங்கினால், ‘தளதளவென்று கொதி வந்த பின் ஒரு நிமிஷம் விட்டு இறக்கவும்’ என்று கூடவே எழுதுகிறோம். வயிற்றுப்போக்கு என்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறின தண்ணீரில் ஆறு சமமட்ட டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடிவிடக் கூடாது. பொட்டலமாக விற்கும் ஓ.ஆர்.எஸ். கிடைத்தால் அதுவே மேல். கைக்குழந்தை என்றால் தாய்ப்பாலை நிறுத்தாமல் டாக்டரிடம் போக வேண்டும்.

‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ என்று வாரியமே குடியிருப்போர் சங்கம் வைக்கச் சொல்கிறது. வைத்தோம். கூட்டத்தில் ஆண்கள் பெயிண்டைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசுகிறார்கள், பேசட்டும்.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. விடியற்காலை ஐந்தரைக்கே மந்தைவெளி, ராஜா அண்ணாமலைபுரம் என்று வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் ஏழெட்டுப் பேர். இருட்டில் பலகையை எங்கே பார்ப்பார்கள்? அவர்களுக்காக ராத்திரி ஒன்பது மணிக்கு நானே ஒரு சுற்று மாடி ஏறி வருகிறேன். முட்டிதான் கொஞ்சம் முனகுகிறது.