பெயர், வயது, ஊர்

தமிழ்நாட்டில் இன்ஜினியரிங் படித்த யாரையாவது நடுராத்திரியில் எழுப்பி, “டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்” என்று கேட்டுப் பாருங்கள். கண்ணைத் திறக்காமலே ஒப்பித்துவிடுவார்கள். பெயர், ஊர், அப்பா என்ன வேலை, பத்தாவதில் எத்தனை சதவீதம், பலம் கடின உழைப்பு, பலவீனம் எதையும் கச்சிதமாகச் செய்யாவிட்டால் தூக்கம் வராது. மூன்றாம் வருஷம் பிளேஸ்மென்ட் டிரெய்னிங் என்ற பெயரில் இதை வகுப்பில் அறுபது பேருக்கும் ஒரே மாதிரி சொல்லிக்கொடுப்பார்கள். அறுபது பேருக்கும் ஒரே பலம், ஒரே பலவீனம். அப்பா பெயர் மட்டும் வேறு.

இந்தப் பயிற்சியின் கடைசிக் கட்டம் மாக் இன்டர்வியூ. எதிரே உட்கார்ந்திருப்பவர் வேலை தரப்போவதில்லை என்று நமக்குத் தெரியும். நாம் கேட்கவில்லை என்று அவருக்கும் தெரியும். இருந்தாலும் உள்ளங்கை வேர்க்கும். ஐந்து பேர் கடன் வாங்கிக் கட்டிக்கொண்ட ஒரே டை கழுத்தை இறுக்கும்.

சாஃப்ட்வேர் வேலைக்கு இந்த ஒத்திகை ஓரளவு உதவும். எங்கள் இன்டர்வியூவில் பாதிக் கேள்விகளுக்கு விடை உண்டு. ஒரு பட்டியலைத் தலைகீழாகத் திருப்பச் சொன்னால், திருப்பினாயா இல்லையா என்று அங்கேயே ஓட்டிப் பார்த்துவிடலாம். பத்திரிகை, டிவி வேலைக்கு எப்படி ஒத்திகை பார்ப்பது? என் சித்தி மகள் போன் செய்யும்வரை நான் இதை யோசித்ததே இல்லை.

சாத்தூர் பக்கத்துக் கிராமம். மதுரையில் விஸ்காம் கடைசி வருஷம். ஓய்வுபெற்ற செய்தி ஆசிரியர் ஒருவரை அழைத்து வந்து மாக் இன்டர்வியூ நடத்தக் கல்லூரியில் ஏற்பாடு செய்திருந்தார்கள். “ண்ணே, நீங்கதான் ஆபீஸ்ல ஆள் எடுக்குறீங்கள்ல. ஒரு நாலு நாள் எனக்குக் கேள்வி கேளுங்க” என்றாள். ஒத்திகைக்கே ஒரு ஒத்திகை.

செய்தித்துறையில் இருக்கும் இரண்டு நண்பர்களிடம் விசாரித்தேன். சுயபுராணத்தை யாரும் காதில் வாங்குவதில்லை என்றார்கள். காலையில் பேப்பர் படித்தாயா, எந்தச் செய்தி எந்தப் பக்கத்தில் இருந்தது, அதற்கு வேறு தலைப்பு வை, இந்த ஆங்கிலப் பத்தியைத் தமிழாக்கு, உன் ஊரிலிருந்து மூன்று செய்திக்கான யோசனை சொல், மைக் முன்னால் ஒரு நிமிஷம் படி. கடைசியாக, இப்படி ஒரு இக்கட்டு வந்தால் என்ன செய்வாய் என்று ஒன்று. அவ்வளவுதான். இதையே பாடத்திட்டமாக வைத்துக்கொண்டு, தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு கூகுள் மீட்டில் உட்கார்ந்தோம்.

முதல் நாள் மொழிபெயர்ப்பு. வங்கக் கடலில் ‘டிப்ரஷன்’ உருவாகியிருப்பதாக ஒரு வானிலைக் குறிப்பை நானே எழுதிக் கொடுத்தேன். “காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி” என்று எழுதினாள். நம் எல்லார் வாயிலும் வருவது அதுதான். ஆனால் அது ஒரு படி கீழே இருப்பது. டிப்ரஷன் என்றால் தாழ்வு மண்டலம், காற்று மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர். 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62-ஐத் தொட்டால் புயல், அப்போதுதான் பெயர் வைப்பார்கள். “ஒரு வார்த்தைதானண்ணே” என்றாள். படகை இறக்கலாமா வேண்டாமா என்று ராமேஸ்வரத்தில் ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பது அந்த ஒரு வார்த்தையைத்தான். அடுத்த பத்தியில் போலீஸ் கைது செய்த ஆளைக் ‘குற்றவாளி’ ஆக்கியிருந்தாள். கைதாகிறவர் குற்றம்சாட்டப்பட்டவர். குற்றவாளியா என்பதைக் கோர்ட் சொல்ல வேண்டும். நிறைய டிவி ஸ்க்ரோல்களில் அந்தத் தீர்ப்பை ஸ்க்ரோல் அடிப்பவரே கொடுத்துவிடுகிறார்.

இரண்டாம் நாள் வாசிப்பு. இங்கேதான் அவளுக்குப் பெரிய பயம். எங்கள் பக்கம் வாழைப்பழம் ‘வாளப்பளம்’தான். அவள் யூடியூபில் நியூஸ் ரீடர்களைப் பார்த்து நாக்கை மடித்து மடித்துப் பழகியிருந்தாள். ழ வந்துவிட்டது. கூடவே அவளுடையதல்லாத ஒரு குரலும் வந்திருந்தது. வாக்கியக் கடைசியில் தேவையில்லாமல் ஏறி இறங்கும் ஒரு ராகம்.

“ஊர்ப் பேச்சு வந்துரக் கூடாதுல்லண்ணே.”

உச்சரிப்பு வேறு, ஊர் வேறு. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்னமும் சொல்வது சரோஜ் நாராயணசுவாமியைத்தான். டெல்லியிலிருந்து ஆகாசவாணியில் அவர் செய்தி வாசிக்கும்போது ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் காதில் விழும், ஆனால் அலங்காரமே இருக்காது. 2022-ல் அவர் இறந்தபோது, முகம் தெரியாத அந்தக் குரலுக்காக என் பெரியப்பா ஒருநாள் முழுக்க வருத்தப்பட்டார். எழுத்துப் பக்கம் பார்த்தால் சி. பா. ஆதித்தனார். 1942-ல் இதே மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கியவர். டீக்கடையில் ஒருவர் சத்தமாகப் படித்தால் சுற்றியிருக்கும் பத்துப் பேருக்கும் புரிகிற தமிழில் செய்தி இருக்க வேண்டும் என்பதில் கறாராக இருந்தவர், பத்திரிகைக்காரர்களுக்காகக் கையேடே எழுதினார். இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். ராகத்தை மட்டும் எடுத்துவிட்டுத் திரும்பப் படித்தாள். அம்மாவுக்கு போனில் பேப்பர் படித்துக் காட்டுவது மாதிரி இருந்தது. அதுவே நன்றாக இருந்தது.

மூன்றாம் நாள் அந்தக் கடைசிக் கேள்வி. அவள் ஊர்ப்பக்கம் என்பதால் இப்படிக் கேட்டேன்: “பட்டாசு ஆபீஸ்ல வெடி விபத்து. நீ ஜிஹெச்சுக்குப் போயிட்ட. மார்ச்சுவரி வாசல்ல ஒரு அம்மா உக்காந்திருக்காங்க. பத்து நிமிஷத்துல பைட் வேணும்னு டெஸ்க்ல இருந்து போன். என்ன செய்வ?”

தயாராக வைத்திருந்த பதில் வந்தது. ஊடக அறம், தனிமனித மரியாதை, போக்சோ சட்டம் 23-ஆம் பிரிவு குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடத் தடை செய்கிறது. எல்லாம் சரி. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் இல்லை.

“அந்த அம்மாட்ட போவியா, மாட்டியா?”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. நெட் போய்விட்டதோ என்று பார்த்தேன். மைக் ஆனில்தான் இருந்தது, பின்னால் ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது.

அவள் ஏழாவது படிக்கும்போது பக்கத்து வீட்டு அத்தையின் வீட்டுக்காரர் அப்படியொரு விபத்தில் போய்விட்டார். எனக்குத் தெரியும், துட்டிக்கு நானும் போயிருந்தேன். ஆனால் அவள் பார்த்தது எனக்குத் தெரியாது. அத்தையைச் சுற்றி நாலு மைக். “எப்படி இருந்துச்சும்மா, என்ன நெனைக்கிறீங்க?” என்று ஒருவர் கேட்கிறார். அத்தை அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறது. ராத்திரி டிவியில் வந்தபோது மாமாவின் பெயரை மாற்றிப் போட்டிருந்தார்கள். வயதும் தப்பு. “அத்த இப்பவும் அதத்தாண்ணே சொல்லும். பேரயாவது சரியாப் போட்டிருக்கலாம்லன்னு.”

பிறகு அவளே சொன்னாள்: “ஆனா மைக் வந்ததாலதான் மறுநாள் ஆபீசருக வந்தாங்கன்னு ஊர்ல எல்லாரும் சொல்வாங்க. வராமயே இருந்திருந்தா நல்லாருந்திருக்கும்னும் சொல்ல முடியல.”

ஏன் இந்த வேலைக்கு வர ஆசைப்படுகிறாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. முதல் நாள் அதே கேள்விக்கு ‘சமூகத்துக்குச் சேவை’ என்று சொல்லியிருந்தாள்.

ஹாஸ்டலில் ஒரு சீனியர் அக்காவிடம் இதைச் சொல்லியிருக்கிறாள் போல. அந்த அக்கா, “இதையே இன்டர்வியூல சொல்லுடி, பேனல் உருகிரும், செலக்ட் ஆயிருவ” என்றாளாம். அந்த அக்காவைக் குறை சொல்ல முடியாது. நம் ஊர் இன்டர்வியூ பயிற்சிகள் அதைத்தான் சொல்லித்தருகின்றன. வறுமை, இழப்பு, முதல் தலைமுறைப் பட்டதாரி என்று நம்மிடம் இருக்கும் காயத்தில் எது நன்றாக விலைபோகுமோ அதைக் கதையாக்கி, தொண்ணூறு நொடிக்குள் சொல்லிப் பழக வேண்டும். எங்கள் துறையிலும் உண்டு. கஷ்டத்தைச் சொல்லும்போது எந்த இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும் என்பதுவரை பழகி வருகிற பையன்களைப் பார்த்திருக்கிறேன். பாவமாக இருக்கும்.

“எனக்கு மனசு ஒப்பலண்ணே” என்றாள். “அது அத்தையோட கதை. அதுட்ட நான் கேக்கக்கூட இல்ல. அத வச்சு நான் வேல வாங்குனா, அந்த மைக்க நீட்டுன ஆளுக்கும் எனக்கும் என்னண்ணே வித்தியாசம்?”

என்னிடம் பதில் இல்லை. வேறு ஒன்று கேட்டேன். அத்தை கதையை விட்டுவிடு. அந்த ஊரில் பிறந்ததால் உனக்குத் தெரிந்து, சென்னையிலிருந்து வருகிற நிருபருக்குத் தெரியாதது என்ன?

கடகடவென்று வந்தது. ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. அதனால் எத்தனை பேர் செத்தார்கள் என்று கேட்பதற்கு முன், எத்தனை பேர் அந்த ரூமில் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்க வேண்டும். லைசென்ஸ் யார் கொடுத்தது, கலெக்டர் ஆபீஸா, நாக்பூரில் தலைமையகம் இருக்கும் வெடிபொருள் துறையா? லைசென்ஸ் வாங்கியவரே நடத்துகிறாரா, உள்குத்தகைக்கு விட்டிருக்கிறாரா? என்ன ரகம் செய்தார்கள், ஃபேன்ஸி என்றால் அதற்கு அனுமதி உண்டா? மருந்துக் கலவையைக் காலையில் முடித்தார்களா, வெயில் ஏறியும் செய்தார்களா? இதில் ஒரு கேள்விகூட அந்த அம்மாவிடம் கேட்க வேண்டியதில்லை. அவரிடம் போக வேண்டியது ஒரே ஒரு விஷயத்துக்கு. அதையும் அவரிடம் கேட்காமல் கூட வந்த சொந்தக்காரரிடம் கேட்டுக்கொள்ளலாம் என்றாள். செத்தவரின் பெயர், வயது, ஊர். எழுத்துக்கூட்டிக் கேட்டு, எழுதி, திரும்ப அவரிடமே வாசித்துக் காட்ட வேண்டும்.

நாலாம் நாள் நாங்கள் பதில் எதையும் பழகவில்லை. இந்தக் கேள்விகளை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி, வேறு செய்திகளுக்கும் இதேபோல் எழுதிப் பார்த்தாள். பள்ளிக்கூடச் சுவர் இடிந்தால் என்ன கேட்பது, தண்ணீர் வரவில்லை என்று பெண்கள் குடத்தோடு மறியல் செய்தால் என்ன கேட்பது. வேலையே கேள்வி கேட்பது. பதில்களை மனப்பாடம் செய்துகொண்டு அந்த வேலைக்குப் போவது வேடிக்கைதான்.

மாக் இன்டர்வியூ பதினெட்டு நிமிஷம் நடந்ததாம். நாங்கள் பார்த்து வைத்திருந்ததில் மொழிபெயர்ப்பும் தலைப்பும் மட்டும் வந்தன. மார்ச்சுவரிக் கேள்வி வரவில்லை. தாளில் இரண்டு வரி எழுதிக் கொடுத்திருக்கிறார்: குரல் பாதியில் இறங்குகிறது, பொது அறிவில் தமிழ்நாடு தவிர மற்றது போதாது. நியாயமான இரண்டு வரிகள்.

கடைசியில், “நீ எதாவது கேக்கணுமா?” என்றிருக்கிறார். எங்கள் துறையில் பெரும்பாலும் ‘நோ சார், தேங்க் யூ சார்’ என்று வீணாகப் போகும் இடம் அது. இவள் கேட்டிருக்கிறாள்: “ஒரு வெடி விபத்துன்னா உங்க பேப்பர்ல எத்தன நாள் சார் போடுவீங்க?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மூணு நாள் என்றாராம். முதல் நாள் சாவு எண்ணிக்கை, இரண்டாம் நாள் நிவாரணம், மூன்றாம் நாள் கைது. அதற்குப் பிறகு வேறு செய்தி வந்துவிடும்.

அன்று ராத்திரி நோட்டில் ஒரு புதுப் பக்கத்தின் போட்டோவை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாள். மேலே ‘நாலாம் நாள்’ என்று தலைப்பு. கீழே ஆறு கேள்விகள் இருந்தன.