பன்றிக் குடலும் எருக்கும்பியும்



போன கிழமை தரம் 10 பிள்ளை ஒருவன் ஜாம் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்து நம் மேசையில் வைத்தான். பளையில் அவர்களுடைய தென்னங்காணிக்குள் அகப்பட்ட காட்டுப்பன்றியை வெட்டியபோது குடலில் ஒட்டிக்கொண்டிருந்ததாம். ஒரு சாணுக்கு மேல் நீளம், வெள்ளை நிறம், உடம்பெல்லாம் சுருக்கம். கைவில்லை பிடித்துத் தலையைப் பார்த்தோம். சின்னக் குமிழ் ஒன்று, அதைச் சுற்றிப் பின்னோக்கி வளைந்த கொக்கிகள். முள்தலைப் புழு.

"இதுக்குத்தான் எங்கட மார்க்கத்தில பன்றி ஹராம்" என்று நம் வாய் முந்திக்கொண்டது. முன்வாங்கில் இருந்த பிள்ளை சிரிக்காமலே கேட்டாள்: "அப்ப மாட்டில புழு இல்லையோ சேர்?"

இருக்கிறதுதான். நாடாப்புழு மாட்டிறைச்சியாலும் வரும். ஹராம் என்பது நமக்கு இறைவனின் கட்டளை. அதற்கு ஒரு புழுவைச் சாட்சிக்கு இழுத்தது நம் பிழை. வகுப்பிலேயே அதை ஒத்துக்கொண்டோம்.

இன்னுமொன்று, இந்தப் புழு இறைச்சியால் மனிதருக்கு வருவதே இல்லை. இதற்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. பன்றியின் குடற்சுவரில் கொக்கியைக் குத்திக்கொண்டு, தோலாலேயே உணவை உறிஞ்சும். பெண் புழு நாளொன்றுக்கு 2 இலட்சத்துக்கும் மேல் முட்டை இடும். சாணத்தோடு மண்ணுக்கு வரும் அந்த முட்டை வருடக்கணக்கில் சாகாது. எருவில் வாழும் வண்டுகளின் குண்டுப்புழு அதைத் தின்ன, குண்டுப்புழுவைப் பன்றி கிண்டித் தின்ன, வட்டம் முடியும். நம் தென்னையைக் குடையும் கருவண்டும் அந்த வண்டுக் குடும்பம்தான்.

மனிதருக்கு வருவதென்றால் வண்டையோ குண்டுப்புழுவையோ விழுங்க வேண்டும். சீனாவில் வண்டு தின்ற சிறுவர்களுக்குக் குடல் துளைபட்டுச் சத்திரசிகிச்சை வரை போயிருக்கிறது. இத்தாலியின் சிசிலியில் கலாந்ருச்சோ என்பவர் எலிகளில் இருக்கும் வேறொரு முள்தலைப் புழுவின் குஞ்சுகளைத் தானே விழுங்கிப் பார்த்தார். மூன்று கிழமைக்குள் வயிற்று வலி பிடித்துக்கொண்டது. 1888இல் அது அச்சிலும் வந்தது. ஆராய்ச்சிப் பைத்தியம் என்றால் அதுதான்!

இவ்வளவும் சொல்லி முடித்தபிறகுதான் கேட்கவேண்டியதைக் கேட்டோம். "குடலை என்ன செய்தனீங்கள்?"

"எருக்கும்பியில எறிஞ்சது சேர். தம்பி அதுக்குள்ளதான் குண்டுப்புழு கிண்டி விளையாடுறவன்."

தம்பிக்கு மூன்று வயது. கையில் அகப்படுவதெல்லாம் வாய்க்குள் போகும் வயது.

அன்று பின்னேரமே தகப்பனாருக்கு அழைப்பெடுத்தோம். பன்றி வெட்டும் மற்ற வீடுகளுக்கும் அதையே சொல்கிறோம்: குடலை எருவில் போடாதீர்கள், நாய்க்கும் போடாதீர்கள். எரியுங்கள், இல்லையென்றால் ஆழமாகத் தாழுங்கள். சின்னப் பிள்ளைகளை எருக்கும்பிப் பக்கம் விடாதீர்கள். பிள்ளைக்கு வயிற்று வலி, வாந்தி என்றால் ஆஸ்பத்திரியில் வண்டுக் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இரவு தகப்பனார் திரும்ப எடுத்தார்.

"சேர், மூண்டடிக் கிடங்கு காணுமோ? நாய் கிண்டாமல் மேல தென்னங்குத்தி ஒண்டை உருட்டி விடவோ?"

"கிடங்கு காணும் அண்ணை. குத்தி வேண்டாம், அது உக்கினால் கருவண்டு முட்டை போடும். கல்லை வையுங்கோ."