அணைந்த ஃபர்னஸும் உயிர் எனும் அமானிதமும்



கனடாவில் வாழும் நம் குடும்பங்கள் ஃபர்னஸை நன்கறிவர். வீட்டின் நிலவறையில் நின்று, எரிவாயுவால் காற்றைச் சூடாக்கி அறைதோறும் அனுப்பும் இயந்திரம் அது. டொராண்டோவின் ஜனவரி இரவில் அது நின்றுவிட்டால், சில மணி நேரத்திலேயே வீடு குளிர்ந்துவிடும். குழந்தைகளும் முதியோரும் முதலில் வாடுவர்.

கடந்த குளிர்காலத்தில், பனிப்புயல் வீசிய ஓர் இரவில் எங்கள் வீட்டில் அது நின்றது. காயல்பட்டினத்திலிருந்து வந்து எங்களுடன் தங்கியிருந்த உம்மா, "சாம்பிராணிச் சட்டியில் கொஞ்சம் கரி மூட்டி அறையில் வைக்கட்டுமா வாப்பா? பிள்ளைகள் நடுங்குதுகளே" என்றார்கள். பரிவினால் எழுந்த சொல்; ஆயினும் நான் உடன்படவில்லை. இறுக அடைத்த வீட்டில் எரியும் கரி, கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவை வெளியிடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குவோரை உறக்கத்திலேயே மாய்த்துவிடும். எரிவாயு அடுப்பை எரியவிட்டுக் குளிர்காய்வதும் ஆபத்தே. மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு எரிந்தபோது, உறங்குமுன் நெருப்பை அணைத்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது.

அனைவரையும் கம்பளி போர்த்தி ஒரே அறையில் அமரவைத்துவிட்டு, காரணத்தை வரிசையாகத் தேடினேன். தெர்மோஸ்டாட் 'ஹீட்' நிலையில் இருந்தது, பேட்டரியும் தீரவில்லை. ஃபர்னஸின் அருகிலுள்ள மின்விசையும், மின்பெட்டியின் பிரேக்கரும் சரியாகவே இருந்தன. ஃபர்னஸின் கதவு நன்கு பொருந்தியிருந்தது. அது விலகியிருந்தால் பாதுகாப்பு விசை இயந்திரத்தை இயங்கவிடாது. ஃபில்டரும் தூய்மையாக இருந்தது. தூசி அடைத்த ஃபில்டர் காற்றைத் தடுக்க, உள்ளே சூடு மிகுந்து எரிகலன் அணைந்துவிடுவதுண்டு.

பின்னர் வெளியே சென்றேன். காற்றை உள்ளிழுக்கும் குழாயையும் புகையை வெளியேற்றும் குழாயையும் பனிக்குவியல் மூடியிருந்தது. மின்விசையை அணைத்து, பனியைக் கையால் அகற்றி, சற்றுப் பொறுத்து மீண்டும் இயக்கினேன். சில நிமிடங்களில் வெதுவெதுப்பான காற்று வந்தது. அல்ஹம்துலில்லாஹ்!

இவ்வளவே நம் எல்லை. எரிவாயு வால்வையோ எரிகலனையோ கழற்றுவது உரிமம் பெற்ற தொழில்நுட்பரின் வேலை. அறியாதவற்றை அறிந்தோரிடம் கேட்குமாறு குர்ஆன் கற்பிப்பது இங்கும் பொருந்தும். எரிவாயு நெடி வீசினாலோ, கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒலித்தாலோ, எந்த விசையையும் தொடாமல் அனைவரும் உடனே வெளியேறி, வெளியிலிருந்தே உதவிக்கு அழைக்க வேண்டும்.

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு, தாத்துஸ் ஸலாஸில் படையெடுப்பின்போது, கடுங்குளிர் இரவில் குளித்தால் உயிருக்கு ஆபத்தென அஞ்சிய அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள், தயம்மும் செய்து தொழுவித்தார்கள். உங்களை நீங்களே மாய்த்துக்கொள்ளாதீர்கள் என்னும் இறைக்கட்டளையை அவர்கள் காரணமாகக் கூறியபோது, நபி (ஸல்) அவர்கள் சிரித்தார்கள், மறுத்துரைக்கவில்லை. குளிரிலிருந்து உயிரைக் காப்பதும் மார்க்கமே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆகவே, குளிர் தொடங்குமுன் ஃபர்னஸைத் தொழுநுட்பரிடம் காட்டுங்கள். ஃபில்டரை உரிய காலத்தில் மாற்றுங்கள். எச்சரிக்கைக் கருவியைச் சோதியுங்கள். இவை தவக்குலுக்கு முரணல்ல. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிடம் பொறுப்புச் சாட்டப் பயின்றவர்கள் நாம். புயல் ஓய்ந்ததும் தனித்து வாழும் அண்டை வீட்டாரின் குழாய்களையும் ஒருமுறை பாருங்கள். அவர் எம்மதத்தவராயினும் அண்டை வீட்டாரின் உரிமை உரிமையே.