குளம்படியில் ஒரு காமிரா

கர்ணனின் படங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் இலக்கிய நண்பர்கள் பலர் லேசாகச் சிரித்துவிட்டு வேறு விஷயத்துக்குத் தாவிவிடுகிறார்கள். ஜெய்சங்கர், குதிரை, தொப்பி, துப்பாக்கி. இத்தாலியக் கௌபாய்ப் படங்களின் மலிவு நகல் என்பது தீர்ப்பு. 'காலம் வெல்லும்' (1970), 'கங்கா' (1972), 'ஜக்கம்மா' (1972) மூன்றையும் ஒதுக்க அது போதுமானதாக இருக்கிறது.

நகல் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எதன் நகல்? செர்ஜியோ லியோனியின் 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' (1964) குரோசவாவின் 'யோஜிம்போ'விலிருந்து (1961) எடுத்தாளப்பட்டது; வழக்கு வரை போன விவகாரம் அது. அமெரிக்க எல்லைப்புறமாக நடித்ததோ ஸ்பெயின் நாட்டு அல்மேரியாவின் வறண்ட நிலம். வழக்கமாக ஒரு சட்டகத்துக்கு நான்கு துளை அளவு படச்சுருள் வேண்டும்; லியோனி கையாண்ட டெக்னிஸ்கோப் முறையில் இரண்டே துளை போதும். சுருளில் பாதி மிச்சம். அகன்ற திரையை நிறைக்கும் அம்முகங்களின் பின்னால் ஒரு கணக்குப் புத்தகமும் இருக்கிறது.

கர்ணனிடம் இருந்தவை கறுப்பு வெள்ளைச் சுருளும் வெயிலும். அடிப்படையில் அவர் ஒளிப்பதிவாளர். கே.எஸ். கோபாலகிருஷ்ணனின் 'கற்பகம்' (1963) படத்தில், வீட்டுக்குள் அழும் முகங்களுக்கு ஒளியமைத்த அதே கை வெளியே வந்ததும் பாறையையே அரங்கமாக்கிக்கொண்டது. காமிராவைத் தரையோடு தரையாக வைத்துவிட்டால் நான்கு குதிரைகள் நாற்பதாகத் தெரியும். மீதியைப் புழுதி மறைத்துவிடும். சட்டகத்தின் முக்கால் பங்கை வானம் எடுத்துக்கொண்டால் பின்னணியில் கட்டவேண்டியது எதுவுமில்லை.

எங்கள் ஆர்.கே.பேட்டை விசைத்தறி ஊர். ஊரைத் தாண்டினால் சோளிங்கர் பக்கம் கரடும் பாறையும்தான். தமிழ்க் கதாநாயகர்கள் ஆற்றங்கரையிலும் ஊட்டியிலும் பாடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தைப் போன்ற வறண்ட நிலம் திரைக்குத் தகுதியானது என்று எவரும் எண்ணியதாகத் தெரியவில்லை. கர்ணன் எண்ணினார். அப்படங்களைப் பார்த்த பிறகே, மாலை நான்கு மணிக்கு எங்கள் கரடுகளின் நிழல் எவ்வளவு நீளம் என்பதை நின்று பார்த்தேன்.

அவர் கதைகள் பழிவாங்கலைத் தாண்டிப் பெரிதாகப் போனதில்லை. குளிக்கும் பெண்களின்மீது காமிரா நின்ற நேரத்தை நியாயப்படுத்தவும் எனக்கு மனமில்லை. (அவர் பெயரைச் சொன்னதும் சிலருக்கு அதுமட்டுமே நினைவுக்கு வருவது வேறு துயரம்.)

2012 டிசம்பரில் கர்ணன் காலமானார். இன்று இணையத்தில் அகப்படும் மங்கிய பிரதிகளில் பாறை எது, நிழல் எது என்று பிரித்தறிய முடியவில்லை. அவற்றைக் கைப்பேசியில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் நண்பர்கள் தீர்ப்பு எழுதுகிறார்கள்.