நுனி ஒடிப்பவர்கள்

வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்க்காமல் வாங்குகிறவர் எங்கள் விருத்தாசலத்தில் யாராவது இருக்கிறாரா என்று வெகுநாளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். பேரம் பேசக் கூச்சப்படுகிற வாத்தியார்கூடக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்திவிடுகிறார். டக்கென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்து கொடுத்தால் முற்றல். முற்றலைக் கூடையிலேயே போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் முகத்தை வைத்துக்கொண்டு அடுத்ததை எடுப்பார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. பூ விரிந்த ஒரு வாரத்துக்குள் பறித்தால்தான் வெண்டை வெண்டை. அதற்குமேல் செடியில் விட்டால் நார் ஓடிவிடும். அதனால்தான் வெண்டை போட்டவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் கூடையைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போகிறார்கள். வீட்டில் ஒரு கல்யாணம், ஒரு கருமாதி என்று இரண்டு நாள் தவறினால் அந்தப் பறிப்பு விதைக்குத்தான். கண்ணுக்குப் பிஞ்சும் முற்றலும் ஒன்றுபோலத் தெரியும், விரலுக்குத்தான் வித்தியாசம் தெரியும். சுரைக்காய்க்கு நகம், முருங்கைக்கு முறுக்கு, தேங்காய்க்குத் தட்டு. பீங்கான் ஊர்க்காரர்களான எங்களுக்குத் தட்டிப் பார்ப்பது கைவந்த கலை. கோப்பையைச் சுண்டினால் கணீரென்று கேட்க வேண்டும், விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போகும். கோப்பைக்கு அதனால் சேதமில்லை. வெண்டைக்காய்தான் பாவம், பரீட்சை எழுதியதற்கு மூக்கைக் கொடுக்கிறது.

இந்த நுனி ஒடிப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சுந்தரமூர்த்தி நாயனார் ஞாபகம் வருகிறது.

அவர் எங்கள் ஊர்ப் பழமலைநாதரிடம் பன்னிரண்டாயிரம் பொன் வாங்கிய கதை எல்லோருக்கும் தெரியும். பொன்னை இங்கே மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுப் போ, திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள் என்று சிவன் சொன்னார். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடியவர் என்று ஜனங்கள் இன்றைக்கும் சொல்வது அதைத்தான். சேக்கிழார் அந்தக் கதையில் ஒரு சின்ன காரியத்தையும் சொல்லாமல் விடவில்லை. பொன்னை ஆற்றில் விடுவதற்கு முன்னால் சுந்தரர் அதிலிருந்து ஒரு துணுக்கை மச்சமாக வெட்டி எடுத்து வைத்துக்கொள்கிறார். கொடுத்தவர் சிவபெருமான். கொண்டு சேர்க்கப்போவதும் அவரே. ஆனாலும் மாதிரி கையில் இருக்கட்டும்!

திருவாரூரில் மனைவி பரவையாரிடம் விஷயத்தைச் சொன்னால் அந்த அம்மாள் லேசாகச் சிரிக்கிறாள். ஆற்றில் போட்ட பொன் குளத்தில் வருமாம். எந்த வீட்டில்தான் சிரிக்க மாட்டார்கள்? சுந்தரர் குளத்தில் இறங்கித் துழாவுகிறார், வரவில்லை. பதிகம் பாடுகிறார், வருகிறது. பெற்றுக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே? மச்சத்தை எடுக்கிறார், இரண்டையும் உரைத்துப் பார்க்கிறார். வந்த பொன் மாற்றுக் குறைவு. மறுபடி பாடுகிறார். மாற்றுச் சரியான பிறகுதான் வீட்டுக்குப் போகிறார். அன்றைக்கு மாற்றுப் பார்த்துச் சொன்னவர் என்று திருவாரூரில் ஒரு பிள்ளையாருக்கே மாற்றுரைத்த விநாயகர் என்று பெயர்.

பக்திக்குப் பொருந்தாத சந்தேகம் இது என்று சிறு வயதில் நினைத்ததுண்டு. இப்போது அப்படித் தோன்றவில்லை. அவர் தம்பிரான் தோழர். தோழனிடம்தான் தரம் பார்க்க முடியும், அந்நியனிடம் பார்த்தால் சண்டை வரும். தவிர, வீட்டில் இன்னொரு பரிசோதகர் காத்திருக்கிறார் என்ற பயம் வேறு. கறிகாய்ப் பையை அடுப்பங்கரையில் கொட்டிவிட்டு அறிக்கைக்காக நிற்கிற எந்த ஆணுக்கும் அந்தப் பயம் புரியும்.

உழவர் சந்தை வந்தபோது பேரம் போய்விட்டது. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் கலைஞர் முதல் சந்தையைத் திறந்துவைத்தார், பிறகு ஊர் ஊராக வந்தது. விவசாயிக்குப் புகைப்படம் ஒட்டிய அடையாள அட்டை, இரவல் தராசு, அரசு பஸ்ஸில் மூட்டைக்குக் கூலி கிடையாது. விலையைக் காலையிலேயே பலகையில் எழுதிவிடுவார்கள். மொத்த விலைக்கு மேலே 20 சதவீதம், சில்லறை விலைக்குக் கீழே 15 சதவீதம் என்பது கணக்கு. விற்பவருக்கும் லாபம், வாங்குபவருக்கும் லாபம், நடுவில் இருந்த தரகருக்கு மட்டும் வயிற்றெரிச்சல். விலையில் பேச ஒன்றும் இல்லாமல் போனதால் எங்கள் ஊர்க்காரர்கள் தங்கள் திறமை முழுவதையும் தரத்தில் இறக்கிவிட்டார்கள். நுனி ஒடிப்பு அதிகமானதற்கு அதுதான் காரணம் என்பது என் சொந்த ஆராய்ச்சி.

இதில் நாசூக்காக ஒரு லாபம் உண்டு. டக்கென்று ஒடிந்தும், ஏதோ யோசனையில் வாங்காமல் விட்டுப்போன காய்கள் கூடையில் இருக்கும். ஒடிந்த இடம் சீக்கிரம் கறுக்கும் என்பதால் வெயில் ஏறியதும் விற்கிற அம்மாளே, "சார், இதெல்லாம் ஒடிச்சிப் பார்த்துட்டுப் போட்டுட்டுப் போனது. நல்ல பிஞ்சு. பாதி விலைக்கு அள்ளிக்குங்க" என்பார். பிஞ்சுதான் என்று முன்பின் தெரியாத ஒருவர் சான்று கொடுத்த காய், பலகை விலையில் பாதிக்கு. நல்ல காயும் வேண்டும், விலையும் மலிவாக வேண்டும் என்பவர் சூரிய உதயத்துக்கு ஓட வேண்டியதில்லை. காப்பி குடித்து, பேப்பர் படித்து, பத்து மணிக்குப் போனால் போதும். மத்தியானமே சமைத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

எனக்குப் பிடிக்காதது குளிர்சாதனக் கடைகளில் தெர்மாகோல் தட்டில் அடுக்கி, மெல்லிய பிளாஸ்டிக் சுற்றி, மேலே கோடு கோடாக அச்சடித்து வைத்திருக்கிற வெண்டைக்காய். எல்லாம் ஒரே நீளம், ஒரே பச்சை. தொட முடியாது, ஒடிக்க முடியாது, ஏனம்மா இப்படி என்று கேட்க ஆளும் கிடையாது. தர்பூசணி வண்டிக்காரர்கூட முக்கோணமாக ஒரு துண்டு வெட்டி எடுத்துச் சிவப்பைக் காட்டிவிட்டுத்தான் காசு கேட்கிறார். இங்கே தட்டு வீட்டுக்கு வந்து கத்தி பட்ட பிறகுதான் நார் தெரியும்.

இதற்கு யாரிடம் போவது? எங்களுக்கு ஆள் இருக்கிறார். ஊருக்குப் பக்கத்தில் மணவாளநல்லூர்க் கொளஞ்சியப்பர். இந்த முருகனுக்கும் சுந்தரருக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. ஊரும் கிழம், சாமியும் கிழம் என்று பாடாமல் கடந்துபோகப் பார்த்த சுந்தரரை வேடனாக வந்து வழிமறித்து, பொருளைப் பறித்து, விருத்தாசலத்துக்குத் திருப்பி அனுப்பியவர் இவர் என்பது இந்தப் பக்கத்துக் கதை. இவர் சன்னதியில் குறையைத் தாளில் பிராதாக எழுதிக் கட்டுவது வழக்கம். கொடுத்த கடன் வரவில்லை, நகை காணோம், பங்காளி வரப்பைத் தள்ளிவிட்டான் என்றெல்லாம் எழுதுகிறார்கள். குறை தீர்ந்ததும் பிராதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும், அதற்கும் முறை இருக்கிறது.

பிளாஸ்டிக் தட்டு வெண்டைக்காய் பற்றி ஒன்று எழுதினால் என்ன என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். பெரிதாக எதுவும் கேட்கப்போவதில்லை. விலையைக் குறைக்கச் சொல்லமாட்டேன். தட்டுக்கு ஒரு காய், ஒரே ஒரு காய், காசு கொடுப்பதற்கு முன்னால் ஒடித்துப் பார்க்க அனுமதி வேண்டும். மச்சம் வெட்டியவரை விருத்தாசலத்துக்குத் திருப்பி அனுப்பியவருக்கு இந்தக் கோரிக்கை புரியாமல் போகாது.