பெட்டிக்குள் ஒரு துவிச்சக்கர வண்டி

கீழக்கரையில் எங்கள் பாட்டனார் தலைமுறையினர்க்குக் கொழும்பு அயல்நாடாகத் தோன்றியதில்லை. இராமநாதபுரத்தில் இரயிலேறினால் தனுஷ்கோடி. அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். மறுகரையில் மீண்டும் இரயில். 1914இல் தொடங்கிய அவ்வழியை 1964 டிசம்பர்ப் புயல் முறித்தது. ஆகவே கடலை வாசலிலே வைத்திருக்கும் நாங்கள், 2024 பிப்ரவரியில், வடக்கே சென்னைக்குச் சென்று விமானமேற வேண்டியதாயிற்று. நாங்கள் இருவர், எங்களினும் பத்தாண்டு மூத்த நண்பர் ஒருவர். அவரைக் 'காக்கா' என்றே அழைப்போம். நீர்கொழும்பிலிருந்து சிலாபம், புத்தளம், அநுராதபுரம் வழியாகத் திருகோணமலை வரை, மேலைக் கடலிலிருந்து கீழைக் கடலுக்கு மிதிவண்டியில் செல்வது எங்கள் திட்டம். விடுப்போ ஆறே நாள்.

மிதிவண்டியை விமானத்தில் ஏற்றுவது தனிக்கலை. புது வண்டி வந்திறங்கும் அட்டைப்பெட்டியைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்க வேண்டும். முன்சக்கரத்தைக் கழற்றி, கைப்பிடியைத் திருப்பி, இருக்கையைத் தாழ்த்திக் கட்ட வேண்டும். சக்கரம் நீங்கிய முன்கவை நெரிந்துவிடாதபடி இடையில் மரத்துண்டு ஒன்றைச் செருகுதல் நலம். சங்கிலிக்குப் பழைய கைலியைவிடச் சிறந்த உறை இல்லை. பெடலைக் கழற்றும்போதுதான் எங்கள் அறியாமை வெளிப்பட்டது. இடப்பக்கப் பெடலின் மரை நேர்மாறானது. மிதிக்க மிதிக்கத் தானே கழன்று வராதிருக்கவே அவ்வாறு அமைத்துள்ளனர். வழக்கமான திசையில் திருகித் திருகி நாங்கள் அதனை மேலும் இறுக்கிக்கொண்டிருக்க, காக்கா சிரித்துக்கொண்டே வந்து ஒரே திருகில் கழற்றினார்.

எங்கள் இருவர் பெட்டிகளும் எடை வரம்பைத் தொட்டுவிட்டன. காக்கா தேநீர் அருந்தச் சென்ற வேளையில், அவர் பெட்டியின் இடைவெளியில் எங்கள் துணிப்பை ஒன்றைச் செருகினோம். வந்தவரிடம் சொல்லவில்லை. அவர் பெட்டியை ஒட்டிக் கயிறு கட்டினார்.

ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரப் பறப்பு. கட்டுநாயக்க நிலையத்தில் எங்கள் பெட்டிகள் இரண்டும் வந்தன. காக்காவினது வரவில்லை. சுழலும் பட்டை வெறுமையாகி நின்றபின், முறையீட்டு மேசையிலிருந்த பெண்மணியிடம் நாங்கள் குரலை உயர்த்திப் பேசினோம். எங்கள் நாள்கள் எண்ணப்பட்டவை என்றோம்; பொறுப்பற்றவர்கள் என்றோம். அவர் பொறுமையாகப் படிவத்தை எடுத்துப் பொருளின் பெயர் என்னும் இடத்தில், 'துவிச்சக்கர வண்டி 1' என்று அழகிய தமிழில் எழுதினார். வேறொரு வேளையாயின் அச்சொல்லைக் கேட்டு மகிழ்ந்து போயிருப்போம். ஈழத்தார் பேணி வைத்துள்ள சொல் அது.

சற்றுப் பொழுதில் சென்னையிலிருந்து செய்தி வந்தது. பெட்டிக்குள் லித்தியம் மின்கலம் இருப்பதாக ஊடுகதிர்ச் சோதனையில் தெரிந்ததாம். திறக்க உரியவர் ஒப்புதல் வேண்டுமாம். கைப்பேசிக்கு மின்னூட்டும் பவர் பேங்க்! அதனைக் கையோடுதான் கொண்டு செல்ல வேண்டும். பயணியர் அறையில் தீப்பற்றினால் அணைக்க ஆளுண்டு. அடியிலுள்ள சரக்கறையில் எவருண்டு? அது எங்கள் துணிப்பையில் இருந்தது. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். காக்காவோ, "நான் அப்படி எதுவும் வைக்கவில்லையே!" என்று வியந்தவாறே கையொப்பமிட்டார். அப்போதும் நாங்கள் வாய் திறக்கவில்லை.

நீர்கொழும்பு விடுதியில், "என்னால் உங்கள் பயணம் கெட வேண்டாம் தம்பி, நீங்கள் காலையிலேயே புறப்படுங்கள், புத்தளத்தில் சேர்ந்துகொள்கிறேன்" என்றார். புறப்பட்டுவிடலாமா என்று ஒரு கணம் மனம் சென்றதை மறைப்பதற்கில்லை. பின்னர் சொல்லிவிட்டோம். அவர் நெடுநேரம் பேசவில்லை.

"என் வண்டி நாளை வந்துவிடும். அந்தப் பெண்பிள்ளையை அப்படிப் பேசினீர்களே, அதை என்ன செய்வீர்கள்?" என்றார், விளக்கை அணைத்துவிட்டார்.

மறுநாள் நண்பகல் பெட்டி வந்தது. மூவரும் சென்றோம். மேசையில் வேறொருவர் அமர்ந்திருந்தார். முந்நாள் இருந்தவர்க்கு அன்று ஓய்வு என்றார். ஒரு தாளில் எங்கள் பிழையை எழுதி, மன்னிப்பு வேண்டி, அவரிடம் கொடுத்து வைத்தோம். அது உரியவர் கையைச் சேர்ந்ததா என்பதை இன்றளவும் அறியோம்.

நிலையத்தின் வெளியே நிழலில் வண்டியைப் பூட்டினோம். இடப்பக்கப் பெடலை இம்முறை சரியாகவே திருகினோம். மகா ஓயாப் பாலத்தைக் கடந்தபோது வெயில் சாய்ந்திருந்தது, இருமருங்கும் தென்னந்தோப்புகள். காக்கா முன்னே சென்றுகொண்டிருந்தார், திரும்பிப் பாராமல். மாராவிலையில் செவ்விளநீர்க் கடையருகே வண்டியை நிறுத்தி, பின்சக்கரத்தைக் கையால் அழுத்திப் பார்த்தார்.

"தம்பிமாரே, காற்றடிக்கும் பம்பு யாரிடம் இருக்கிறது?"

இருவரும் ஒரே நேரத்தில் பைகளைத் திறந்தோம்.