பாரதிதாசனும் எங்க அண்ணனும்

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து ரொம்ப நாளாச்சு. செமஸ்டர், அரியர் என்று காரணம் சொல்லலாம். உண்மை அதுவல்ல. எங்கள் சீனியர் அண்ணன் ஒருவர் போன டிசம்பரில் ஈ.சி.ஆரில் பைக் விபத்தில் போய்விட்டார். பெயர் வேண்டாம், அவருக்கு விளம்பரம் பிடிக்காது.

முதல் வருஷம் கணக்கில் ஃபெயிலாகி, பெட்டியோடு ஊருக்குக் கிளம்பிய என்னை பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பிக் கூட்டி வந்தவர் அவர். ஞாயிறு காலைகளில் குருசுக்குப்பத்துப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் டியூஷன் எடுப்பார். தூங்கிக்கொண்டிருக்கும் எங்களையும் போர்வையை உருவி இழுத்துப் போவார். வகுப்புக்கு முன் எல்லோரும் கண்ணை மூடி ஒரு பிரார்த்தனை. அண்ணன் பக்திமான். நான் இல்லை.

சிக்கல் இங்கேதான். வகுப்பைத் தொடர எல்லோருக்கும் சம்மதம். பிரார்த்தனை? அண்ணன் செய்ததை அப்படியே செய்யணும் என்றது ஒரு கோஷ்டி. நம்பாமல் கண்ணை மூடினால் அது நடிப்பு என்றேன். "அப்போ அவர் மேல உனக்கு அவ்ளோதான் மரியாதை" என்றான் ரூம்மேட். மூன்று நாள் பேசிக்கொள்ளவில்லை.

அந்தக் கடுப்பில் சுற்றியபோதுதான் பெருமாள் கோயில் தெருவில், பாரதிதாசன் வாழ்ந்து இப்போது நினைவகமாக இருக்கும் வீட்டுக்குள் நுழைந்தேன். (இதே ஊரில் படித்துக்கொண்டு அதுவரை போனதில்லை, திட்டாதீர்கள்.)

பாரதி இந்த ஊருக்கு வந்தது 1908-ல். கனக சுப்புரத்தினம் அப்போது வாத்தியார் வேலைக்கு வரப்போகும் பையன். வேணு நாயக்கர் வீட்டுக் கல்யாணத்தில், எதிரே உட்கார்ந்திருப்பவர் பாரதி என்று தெரியாமலே அவர் பாட்டைப் பாடியதில் தொடங்கியது அந்த உறவு. பிறகு ஒருநாள் நண்பர்கள் முன் எழுதச் சொல்ல, இவர் சக்தியைப் பற்றி ஒரு பாட்டு எழுதினார். தன் கவிதா மண்டலத்தைச் சேர்ந்தவர் எழுதியது என்று குறிப்புப் போட்டு அதை சுதேசமித்திரனுக்கு அனுப்பி வைத்தார் பாரதி. சீனியர் என்றால் அப்படி!

1918-ல் பாரதி ஊரை விட்டுப் போனார். 1921-ல் சென்னையில் இறந்தார். சீடருக்கு அப்போது 30 வயது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். 1926-ல் மயிலம் முருகனுக்குத் துதியமுது பாடியவர், சில வருஷங்களில் பெரியாரின் சுயமரியாதை இயக்கத்துக்கு வந்து நாத்திகரானார். குருவோ கடைசிவரை சக்தி உபாசகர். ஒரு பார்ப்பனருக்கு தாசன் என்று பெயர் வைத்துக்கொள்ளலாமா என்று இயக்கத்துக்காரர்களே கேட்டார்கள். அவர் பெயரை மாற்றவில்லை. 1935-ல், நாத்திகரான பிறகு, ஆரம்பித்த கவிதைப் பத்திரிகைக்கு என்ன பெயர் தெரியுமா? 'ஸ்ரீ சுப்பிரமணிய பாரதி கவிதா மண்டலம்'. அன்று பாரதி எழுதிய அதே குறிப்பு! தமிழ், பெண் விடுதலை, சாதி எதிர்ப்பு எல்லாம் குரு தொட்ட இடங்கள்தான். சீடர் அங்கிருந்து இன்னும் கொஞ்சம் தூரம் போனார்.

இதை ரூம்மேட்டிடம் ஒரு சொற்பொழிவாகவே ஆற்றினேன். அவன் லேசுப்பட்டவன் இல்லை. "கனகலிங்கம்?" என்றான். தாழ்த்தப்பட்ட சாதியில் பிறந்த அந்த இளைஞருக்கு இதே புதுச்சேரியில் பாரதி பூணூல் போட்டு காயத்ரி சொல்லிக்கொடுத்தார். அவரும் சீடர்தான், 'என் குருநாதர் பாரதியார்' என்று புத்தகமே எழுதினார். "அவர் குரு கொடுத்ததை வாங்கிக்கலையா?" என்றான். பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் மூன்று நாளைக்குப் பிறகு பேசியது நன்றாக இருந்தது.

போன ஞாயிறு பதினொரு பிள்ளைகள் வந்திருந்தார்கள். "ப்ரேயர் இல்லையாண்ணா?" என்றது ஒரு வாண்டு. ரூம்மேட் கண்ணை மூடினான், பிள்ளைகளும் மூடிக்கொண்டார்கள். நான் திரும்பி நின்று, சத்தம் வராமல், போர்டில் பதினேழாம் வாய்ப்பாடு எழுத ஆரம்பித்தேன். அண்ணனுக்கு அதில்தான் எப்போதும் தடுமாறும்.